அரைக்கை

ஆல்டர் ஓடை, மொன்டானா
22 ஏப்ரல் 1934

தம்பி ஓரினுக்கு அக்கா லவீனா எழுதுவது. இங்கே நானும் நாயும் நாற்பத்தொரு ஆடும் சுகம். போன வாரம் வரை நாற்பத்து மூன்று. உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்த மாவு மில் தூசியில் நின்றுகொண்டு நன்றாக இருக்கிறேன் என்று எழுதாதே, நம்பமாட்டேன்.

பாதிரிக் கரடி எழுந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு, கழுத்தில் அதே வெள்ளைப் பட்டையோடு மலையிலிருந்து இறங்கி, முதல் வேலையாக என் சினை ஆடு இரண்டை அடித்துப் போட்டுவிட்டது. என் புருஷன் ஹார்லனை அடித்துக் கொன்ற அதே கை. இரண்டு வருஷமாகக் காலடித் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் முழு உருவத்தையும் பார்த்தேன். நான் கத்தினதற்குக்கூட அது திரும்பவில்லை, நடந்தே போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வாளியை எறிந்தேன். வாளிதான் நசுங்கியது.

வில்டா கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கீழ்ப்பண்ணை டாக்கெட் அங்கே உட்கார்ந்திருந்தான். "என்ன லவீனா, பாதிரி உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாராமே? இன்னும் எதுக்கு ஒண்டியா அங்க கெடக்கற? எங்கிட்ட வித்துட்டுத் தம்பியோட போயிச் சேரு" என்றான்.

"ஆட்டைத் தின்னது கரடி. நெலத்தைத் தின்னப் பாக்கறது நீ. யாரை மொதல்ல சுடலாம்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன்.

கடையே சிரித்தது. அவனுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "சுடுவ சுடுவ. பாத்தும்மா, லீவரைப் பாதியில விட்டுட்டு நீயும் அரைக்கை லோவெல் ஆயிடப்போற" என்றான்.

லோவெல் ஞாபகம் இருக்கிறதா? எதிரே மான் நிற்க, ஒரு வேட்டு போட்டுவிட்டு, பதற்றத்தில், விசைக்குக் கீழே இருக்கிற லீவரை அடிவரை இறக்காமல் பாதியிலேயே மேலே தூக்கிவிட்டானே. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழாமல் மறுபடி உள்ளேயே போய் உட்கார்ந்தது. விசையை இழுத்தால் 'டிக்'. ஒரு மான் தப்பியதற்கு முப்பது வருஷம் அவனுக்கு அரைக்கை என்றுதான் பெயர். அவன் கல்யாணத்திலும் சொன்னார்கள், சாவிலும் சொன்னார்கள். உனக்கு அந்தப் பயம் இல்லை. ஐந்து தோட்டாவையும் பாதிரி மேல் காலி செய்தவன் என்று இந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் உன்னைப் பற்றித்தான் பேச்சு.

நீ போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிக் கொட்டகை உத்தரத்தில் வைத்த ஹார்லனின் துப்பாக்கி அப்படியே இருக்கிறது. இவ்வளவு நாள் அதை ஏறெடுத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இப்போது இறக்கப்போகிறேன். ஆடு முப்பதுக்குக் கீழே போனால் இந்த இடத்தை வைத்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

பதிலை உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. அட்டையில் எழுதினால் என் கைக்கு வருமுன்னே வில்டா படித்து, அவள் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்லிவிடுகிறாள். தபாலும் அவள் கையில், வாயும் அவளுடையது.

உன் அக்கா,
லவீனா


ஸ்போகேன்
1 மே 1934

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இருமல் பரவாயில்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கியைத் தொடாதே. இரண்டு வருஷம் ஈரத்தில் கிடந்தது. உள்ளே துருப் பிடித்திருக்கும், வெடித்தால் கண் போய்விடும். போர்வையைப் பிரிக்காமல் அப்படியே ரயிலில் அனுப்பிவை, இங்கே தெரிந்த ஆளிடம் கொடுத்துச் சரி செய்கிறேன்.

டாக்கெட் கேட்டால் கொடுத்துவிடலாம். அப்பா நம் இருவர் பேரிலும் பாதிப் பாதி எழுதிவைத்த நிலம். என் பாதிக்கு நான் சம்மதம். நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் தனியாகக் கரடியோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா? ஐந்து குண்டு வாங்கியும் விழாத கரடி அது. அதே துப்பாக்கியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்துவிடுவாய்? சொன்னால் கேள். போர்வையைப் பிரிக்காதே.

அன்புடன்,
ஓரின்


ஆல்டர் ஓடை
19 மே 1934

தம்பிக்கு,

நானும் நாயும், குட்டிகளை விட்டு முப்பத்தெட்டு ஆடும் சுகம். என் முழங்கால் சுகமில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு பக்கக் கடிதத்தில் துப்பாக்கியைப் பற்றி மூன்று தடவை எழுதத் தெரிகிறது, அக்கா காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிலம் பாதி உன்னுடையது, சரி. எந்தப் பாதி என்று கோடு போட்டுக் காட்டு. ஹார்லனைப் புதைத்திருக்கிற பாதியா? நான் பத்தொன்பது வருஷம் கல் பொறுக்கின பாதியா? டாக்கெட்டை அனுப்பு, வேலியோரம் நிற்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

பெண் தனியாக என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறாய். போன மாதம் பனிமழையில் பன்னிரண்டு குட்டிகளை இந்தக் கையால்தான் இழுத்து வெளியே எடுத்தேன். அப்போது எந்த ஆம்பிளையும் வந்து கதவைத் தட்டவில்லை.

துரு, வெடிப்பு என்று என்னைப் பயமுறுத்தாதே. நம் வீட்டில் துப்பாக்கி துடைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நீ பிரிக்காதே பிரிக்காதே என்று சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கை அரிக்கிறது. அடுத்த ஞாயிறு ஓய்வாக இருப்பேன், அன்றைக்குப் பிரிக்கிறேன்.

காய்ந்த ஆப்பிள் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுக் குடி, நெஞ்சுச் சளிக்கு நல்லது.

லவீனா


ஸ்போகேன்
25 மே 1934

அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்காமல் விட்டது தப்பு.

நான் ஜூன் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன், நானே வருகிறேன். அதுவரை பொறு. நான் வந்து என் கையால் பிரிக்கிறேன். உன்னிடம் இதுவரை நான் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

ஓரின்


ஆல்டர் ஓடை
27 மே 1934

ஓரின்,

உன் பதில் வருமுன்னே ஞாயிறு வந்துவிட்டது.

இதோடு ஒரு கூடு வைத்திருக்கிறேன். லீவரை இறக்கினதும் இதுதான் வெளியே விழுந்தது. அதன் அடியைப் பார். ஒரு தழும்பு சுட்டதற்கு. அதன் ஓரத்தில் இன்னொரு தழும்பு, வெற்றுக் கூட்டின் மேல் 'டிக்' என்று விழுந்ததற்கு. தோட்டா நிரப்பும் குழாயில் மீதி நான்கு தோட்டா அப்படியே இருக்கிறது.

அரைக்கை.


ஆல்டர் ஓடை
15 ஜூலை 1934

ஓரினுக்கு,

நானும் முப்பத்தாறு ஆடும் சுகம். நாயைப் பாதிரி ஒரு அடி அடித்தது. பிழைத்துவிட்டது, நொண்டுகிறது.

ஜூன் முடிந்து ஜூலை பாதி போய்விட்டது. நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வராமல் இருந்தால் நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாயா? இரண்டு வருஷம் இந்த ஊர் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஹார்லன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தரும் உன் முதுகைத் தட்டினார்கள். நானும் தட்டினேனே ஓரின்! என் புருஷனைக் காப்பாற்றப் போராடினாய் என்று உன் கையைப் பிடித்து அழுதேனே. அந்தக் கையை நீ எப்படி என்னிடம் கொடுத்தாய்?

கூடு வைத்து அனுப்பின அந்தக் கடிதத்தை ஓர் அட்டையில் எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்திருக்கும். எழுத உட்கார்ந்தபோது அட்டைதான் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டு உறை தேடி எடுத்து ஒட்டினேன். ஏன் என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

தினமும் விடிந்ததும் அடிமரத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுகிறேன். தோள் கறுத்துவிட்டது. லீவர் ஒவ்வொரு தடவையும் அடிவரை போகிறது. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையை முழுசாக நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய முடியாமல் போயிற்றா உனக்கு?

நிலத்தை விடு, ஆட்டை விடு. ஒரே ஒன்று சொல். ஹார்லன் உன்னைக் கூப்பிட்டாரா? எதாவது சொன்னாரா? அதைச் சொல்லாமல் நீ சாகக்கூடாது.

லவீனா


ஸ்போகேன்
9 ஆகஸ்ட் 1934

அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆல்டர் புதருக்குள் உயிரோடு ஓர் ஆடு கத்திக்கொண்டிருந்தது. அத்தான் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ காவலுக்கு நில்லு, நான் அதை இழுத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். கையில் கயிறு மட்டும்தான். ஆட்டைப் பிடித்து இழுத்தபோது பக்கத்துப் புதரிலிருந்து பாதிரி எழுந்தது. நான் சுட்டேன், பட்டது. அது நிற்கவில்லை, அவர் மேல் விழுந்தது. நான் லீவரை இழுத்தேன். இழுத்தேன் என்றுதான் நினைத்தேன். விசையை அழுத்தினால் டிக்.

நீ கேட்டதற்குப் பதில். கூப்பிட்டார். கரடிக்கு அடியில் கிடந்துகொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார் அக்கா. "கீழ இழுடா! முழுசா கீழ இழு!" என்று கத்தினார். இரண்டு தடவை. திட்டவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்.

நான் ஓடினேன். மரத்தில் ஏறினேன். சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினேன்.

அதற்குப் பிறகாவது லீவரை ஒரு தடவை இறக்கியிருந்தால் கூடு விழுந்திருக்கும், குழாயையும் காலி செய்து தோட்டாக்களை ஓடையில் எறிந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் அந்த லீவரை மறுபடி தொட முடியவில்லை. போர்வையைச் சுற்றினபோதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றினேன். ஐந்து தோட்டா என்று நான் முதலில் சொல்லவில்லை. யாரோ "எல்லாத்தையும் சுட்டியா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். பிறகு அதையே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பாதியை உன் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இனி விற்கச் சொல்லமாட்டேன். நான் அங்கே தலைகாட்டவும் மாட்டேன். நீ மட்டும் தனியாகப் போகாதே.

ஓரின்


ஸ்போகேன்
23 செப்டம்பர் 1934

அக்கா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுது. மலைப்பக்கம் பனி விழுந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. பனிக்கு முன்னால் அது வெறிபிடித்துத் தின்னும் என்று உனக்கே தெரியும். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரே ஒரு சொல் போதும்.

ஓரின்


ஆல்டர் ஓடை
14 அக்டோபர் 1934

தம்பி ஓரினுக்கு அக்கா எழுதுவது. நானும் நொண்டி நாயும் முப்பத்தோர் ஆடும் சுகம். இனி குறையாது.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அடிமரத்தையே சுட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினதை எல்லாம் அடுப்பில் போட்டேன். எல்லாம் திட்டுதான். அவர் கடைசியாகப் பேசின பேச்சு உன் கையில் இரண்டு வருஷம் இருந்தது, எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாய். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை பாதிரி மேல் புல்வெளியில் ஓர் ஆட்டை அடித்து, பாதி தின்று, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தது. மீதிக்குத் திரும்ப வரும். செவ்வாய் விடியும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பாறைக்குக் கீழே உட்கார்ந்தேன். முழங்கால் செத்தது. குழாயில் ஐந்து தோட்டா. நான்கு மாதம் அடிமரத்தைச் சுட்டவள், கை தானாகப் போகும் என்று தெனாவெட்டாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. அறுபது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். அது உறுமிச் சுழன்றது, என்னைப் பார்த்தது, வந்தது. எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் தெரிந்தது ஓரின். லீவரை இழுத்தேன். விசையை அழுத்தினேன்.

டிக்.

என் கைதான். தினமும் அடிமரத்துக்கு முன்னால் முழுசாகப் போன அதே கை. பாதியில் நின்றுவிட்டது, எனக்குத் தெரியவேயில்லை. எழுந்து ஓடத்தான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். முழங்கால் விடவில்லை. அப்போது நீ எழுதின வரிதான் காதில் விழுந்தது. "கீழ இழு, முழுசா கீழ இழு." அவர் குரலிலேயே விழுந்தது. இழுத்தேன். கூடு தெறித்தது. அடுத்த தோட்டா ஏறினது. எட்டு அடியில் சுட்டேன். அதற்கப்புறம் குழாய் காலியாகும் வரை சுட்டேன். அது எப்போதோ செத்திருந்தது. எனக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

முன்காலில் தோல் உரித்தபோது ஒரு பழைய குண்டு கிடைத்தது. உன்னுடையது. நீ சுட்டது பட்டது என்பது உண்மை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் சொன்னது அன்றைக்கு உன் கைக்கு எட்டவில்லை. நீ ஒளிக்காமல் எழுதினதால் என் கைக்கு எட்டியது. நீ அதை எழுதாமல் இருந்திருந்தால் என்னையும் டாக்கெட்டுதான் புதைத்திருப்பான், நிலத்தை அளந்துகொண்டே.

புல்லில் தேடி அந்தக் கூட்டை எடுத்தேன். அடியில் இரண்டு தழும்பு. சனிக்கிழமை கடைக்குப் போனேன். எல்லாரும் தோலைப் பார்க்க ஓடிவந்தார்கள். நான் கூட்டை மேசைமேல் வைத்தேன். டாக்கெட் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது. "ரெண்டு தழும்பு! அட, அரைக்கையா நீ?" என்றான்.

"ஆமாய்யா, அரைக்கை லவீனாதான். அரைக்கைதான் பாதிரியைச் சாச்சது. ஒன் முழுக்கை அன்னைக்கு எங்க இருந்துச்சு, கோட்டுப் பையிலயா?" என்றேன். வில்டா சிரித்த சிரிப்பில் காபி அவள் கணக்குப் புத்தகத்தின் மேலேயே கொட்டிவிட்டது. இப்போது ஊரில் எல்லாரும் என்னை அரைக்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். அந்தப் பெயர் இனி என் வீட்டுச் சொத்து, நான் கொடுத்தால்தான் யாருக்கும்.

உன்னைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உன் வாய், உன் இஷ்டம்.

நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். நன்றாக எரிந்தது. பாதி நிலம் உன்னுடையதுதான், வந்து கல் பொறுக்கு. மேல் வேலி விழுந்து கிடக்கிறது, எனக்கு முழங்கால் இல்லை. இருமலுக்கு ஆப்பிள் தண்ணீர் குடித்தாயா?

அக்கா,
அரைக்கை லவீனா


ஸ்போகேன்
29 அக்டோபர் 1934
(தபால் அட்டை)

அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரயிலில் மூட்டை முடிச்சோடு வருகிறேன்.

வில்டா, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் உறையில் போடவில்லை. ஹார்லன் அத்தான் செத்த அன்று நான் ஐந்து தோட்டா சுடவில்லை. ஒன்றுதான் சுட்டேன். லீவரைப் பாதியில் விட்டேன். பிறகு அவரை விட்டுவிட்டு ஓடினேன். இதைக் கடையில் சத்தமாகப் படி. டாக்கெட் இருந்தால் இரண்டு தடவை படி.

அரைக்கை ஓரின்